முதல் மல்டிபிளேயர் கேம்: காசு கேட்கும் முன்பும் வாங்கிய பின்பும்

நாங்கள் செய்த ரேக்ளா பந்தய கேம் ஆபீசுக்குள் பிரமாதமாக ஓடியது. நான்கு லேப்டாப், ஒரே வைஃபை, நான்கு வண்டி. மாடுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. அந்தத் தைரியத்தில், திருநெல்வேலியில் இருக்கும் நண்பனின் தம்பிக்கு பில்டை (கேமின் அப்போதைய ஓடும் பிரதியை) அனுப்பி ஒரு சனிக்கிழமை ராத்திரி சேர்ந்து ஓட்டினோம். அவன் போன் ஹாட்ஸ்பாட்டில் இருந்தான். இரண்டாவது வளைவில் ஹெட்செட்டில் அவன் குரல் வந்தது: "அண்ணே, உங்க மாடு பனைமரத்துக்கு மேல போகுது." என் திரையில் நான் முதலிடம். அவன் திரையில் அவன் முதலிடம். இரண்டு பேரும் ஜெயித்த பந்தயம்.

அந்த ராத்திரிக்கு முன்பே, முதலீட்டாளர்களிடம் காட்ட முப்பது பக்கத்துக்கு ஸ்லைடு தயாராக வைத்திருந்தோம். நூறு வண்டி ஒரே நேரத்தில் ஓடும் திருவிழா, ஊருக்கு ஊர் தொழுவம், மாட்டுச் சந்தை, எல்லாம் அதில் இருந்தன. வேறு வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேர் ஒரே பந்தயத்தைப் பார்ப்பது மட்டும்தான் இல்லை.

தனியாள் ஆடும் கேமையே முடிப்பது கஷ்டம். ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் கேமை முதல் கேமாக எடுப்பவர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள், நாங்களும் கேட்கவில்லை. வேலையை எந்த வரிசையில் செய்தால் அடி குறையும் என்பதை மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. கேம் வெளிவரும் முன் கைக்கு வரும் பணம் வருமானம் அல்ல, கடன். பப்ளிஷர் (கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் நிறுவனம்) கொடுத்தாலும் ரசிகர் கொடுத்தாலும் கடன்தான். அடைக்க முடிகிற அளவுக்குக் கேமைச் சுருக்கிக்கொண்டு, பிறகு கையை நீட்டுங்கள்.

முதல் வேலை: ஆள் கணக்கு

கதை, ஓவியம், இன்ஜின் (கேமைக் கட்டும் மென்பொருள்) எதையும் தொடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இந்த கேம் கேமாக இருக்க, ஒரே நேரத்தில் குறைந்தது எத்தனை பேர் உள்ளே இருக்க வேண்டும்?

பத்துப் பேர் மோதும் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டம் 20 நிமிடம். 'விளையாடு' என்று அழுத்தியவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது; அதற்கு மேல் போனால் ரீல்ஸ் பார்க்கப் போய்விடுவார். இரண்டு நிமிடத்தில் பத்துப் பேர் சேர வேண்டுமென்றால், நிமிடத்துக்கு ஐந்து பேர் வரிசைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். வந்தவர் ஒவ்வொருவரும் 20 நிமிடம் உள்ளேயே இருப்பார். ஐந்தை இருபதால் பெருக்குங்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் நூறு பேராவது ஆடிக்கொண்டிருக்க வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கும்தான்.

இது ஒரு ஆட்டமுறைக்கு, ஒரு பிராந்தியத்துக்கு. 'ரேங்க்' முறையைத் தனியாகப் பிரித்தால் இருநூறு. ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று மூன்றாகப் பிரித்தால் அறுநூறு. புதியவரைப் புதியவரோடும் பழையவரைப் பழையவரோடும் சேர்க்கிறேன் என்றால் இன்னும் மேலே போகும். சின்ன ஸ்டூடியோவின் முதல் கேமில் நாள் முழுக்க அறுநூறு பேர் இருப்பது என்பது கனவு. பணத்தால் வாங்கிவிட முடிகிற கனவும் அல்ல. சோனி வெளியிட்ட கான்கார்ட் என்ற கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. ஆள் சேராமல் செப்டம்பர் 6 அன்று சர்வரை நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம்தான். அவர்களிடம் இல்லாத காசா?

மறுபக்கம் வால்ஹெய்ம். ஸ்வீடனில் ஐந்து பேர் செய்த கேம், 2021 பிப்ரவரி 2 அன்று எர்லி ஆக்சஸில் (முழுக்க முடியும் முன்பே விற்பனைக்கு விடும் முறையில்) வந்தது. ஓர் உலகத்தில் அதிகபட்சம் பத்துப் பேர். தனியாகவும் ஆடலாம், நண்பன் ஒருவன் வந்தாலும் ஆடலாம். ஆள் பற்றாக்குறை என்ற பேச்சே அதில் எழாது. ஒரு மாதத்தில் 50 லட்சம் பிரதி விற்றது வேறு விஷயம். 5,000 பிரதி விற்றிருந்தாலும் வாங்கியவர்கள் விளையாடியிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

ஆக, காகிதத்தில் எழுதும் எண் இரண்டு முதல் நான்குக்குள் இருக்கட்டும். வேறு வழியே இல்லையென்றால் காலி இடத்தில் பாட் வண்டி (கணினியே ஓட்டுவது) ஓடட்டும். நூறு வண்டித் திருவிழாவை நாங்கள் அப்போதே ஸ்லைடிலிருந்து எடுத்தோம். மனசு வரவில்லை, ஆனாலும் எடுத்தோம்.

இரண்டாவது: சர்வர் யார் வீட்டில்?

கேமின் நிஜ நிலவரம் எந்தக் கணினியில் இருக்கிறது என்பதை அடுத்து முடிவு செய்ய வேண்டும். ஆடுபவர்களில் ஒருவருடைய கணினியே சர்வராக இருக்கலாம். சர்வர் மென்பொருளைத் தனியாகக் கொடுத்து, விரும்பியவர் வாடகைக் கணினியில் ஓட்டிக்கொள்ளச் செய்யலாம். அல்லது எல்லாம் உங்கள் செலவில் உங்கள் சர்வரில். வால்ஹெய்ம் முதல் இரண்டையும் வைத்துக்கொண்டது. மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர், கேம் செத்த பிறகும் வாடகை கட்டுகிறவர்.

டேட்டா செலவைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேர் ஆடுகிறார்கள். ஒவ்வொருவர் நிலையைச் சொல்ல 100 பைட். நொடிக்கு 20 முறை அனுப்புகிறோம். ஒருவருக்கு மற்ற ஒன்பது பேரின் நிலை போக வேண்டும்: 9 × 100 × 20, நொடிக்கு 18 கிலோபைட். பத்துப் பேருக்கு 180 கிலோபைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 650 மெகாபைட். பரவாயில்லை. இதையே நூறு பேருக்குப் போடுங்கள். ஆள் பத்து மடங்குதான், ஆனால் ஒவ்வொருவருக்கும் மற்ற 99 பேரைச் சொல்ல வேண்டும்: நொடிக்கு 19.8 மெகாபைட், மணிக்கு 71 ஜிபி. ஆள் பத்து மடங்கானால் செலவு நூறு மடங்கு. கிளவுட் கம்பெனிகள் தங்கள் சர்வரிலிருந்து வெளியே போகும் டேட்டாவுக்கு ஜிபி கணக்கில் தனியாகக் காசு பிடிப்பார்கள் என்பது பில் வந்த பிறகுதான் பலருக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் வண்டிகளின் நிலையை மட்டும் அனுப்புவது, மாறியதை மட்டும் அனுப்புவது என்று இதைக் குறைக்க வழிகள் உண்டு. ஆனால் அவை ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் வேலை.

பில் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சோதனைக்காக ஏற்றிய பெரிய சர்வரை அணைக்க மறந்து தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். தப்பு முழுக்க என்னுடையது. அந்த மாத பில்லைப் பார்த்ததும், 'செலவு இவ்வளவைத் தாண்டினால் மெயில் அனுப்பு' என்ற எச்சரிக்கையை வைத்தேன். கணக்குத் தொடங்கும் நாளிலேயே அதை வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

வீரரின் கணினியே சர்வர் என்றால் நம் ஊரில் ஒரு சிக்கல் வரும். மொபைல் இணைப்புகளிலும் பல பிராட்பேண்ட் இணைப்புகளிலும் ஏராளமானவர்கள் ஒரே பொது ஐபி முகவரிக்குப் (இணையத்தில் கணினிக்கு உள்ள விலாசம்) பின்னால் இருக்கிறார்கள். வெளியிலிருந்து அவர்கள் கணினியை நேராகத் தொட முடியாது. நடுவில் நின்று இரு பக்கமும் தகவலைக் கடத்தும் ஒரு ரிலே தேவைப்படும். இதைச் சொந்தமாகக் கட்டப் போகாதீர்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வெளியாகும் கேம்களுக்கு, அதை நடத்தும் வால்வ் தன் ரிலே வலையை இலவசமாகத் தருகிறது. அன்ரியல் இன்ஜினைச் செய்யும் எபிக்கின் ஆன்லைன் சேவைகளிலும் இது இலவசம். லாபி (ஆட்டத்துக்கு முன் கூடும் அறை), நண்பரை அழைப்பது எல்லாம் கூடவே வருகின்றன.

தூரத்தையும் மறக்க வேண்டாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட். எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்தப் பாதையில் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) அதற்குக் கீழே இறங்காது. ஃபிராங்ஃபர்ட் நேர்கோட்டிலேயே 7,500 கிலோமீட்டர் தள்ளி. ஒளிக்கே 75 மில்லிசெகண்ட், கேபிள் சுற்றிப் போவதால் நடைமுறையில் அதைவிட நன்றாகவே அதிகம். டொரன்டோவில் இருக்கும் சித்தப்பா மகனும் மதுரையில் இருக்கும் நீங்களும் நேருக்கு நேர் குத்துச்சண்டை போடும் கேம் வேண்டாம். இருவரும் சேர்ந்து வீடு கட்டும் கேம் தாராளமாகச் செய்யலாம்.

மூன்றாவது: அசிங்கமான பில்ட்

'முதலில் தனியாள் கேமை முடிப்போம், அப்புறம் மல்டிபிளேயர் போடுவோம்.' இதை யார் சொன்னாலும் அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். பிறகு சேர்ப்பது என்றால் திரும்பவும் முதலிலிருந்து எழுதுவது. அமங் அஸ் என்ற கேம் 2018ல் வந்தது, 2020ல் உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அந்தச் சூட்டில் இரண்டாம் பாகம் அறிவித்தார்கள். அடுத்த மாதமே அதைக் கைவிட்டு, இத்தனை பேரைத் தாங்கும்படி எழுதப்படாத பழைய கேமைச் சரிசெய்ய உட்கார்ந்தார்கள். ஜெயித்தவர்களுக்கே அந்த நிலை.

முதல் பில்டில் மாடு வேண்டாம், சாம்பல் நிறப் பெட்டி போதும். இரண்டு பெட்டி, ஒரு மைதானம், இரண்டு கணினி. பின்வருவது நடக்க வேண்டும்: பெட்டி எங்கே இருக்கிறது என்பதைச் சர்வர்தான் முடிவு செய்கிறது. வீரர் தன் திரையில் பொத்தானை அழுத்தியதும் பெட்டி உடனே நகர்கிறது. சர்வர் 'இல்லை, நீ அங்கே இல்லை' என்றால் அலுங்காமல் சரியான இடத்துக்கு வருகிறது. இந்த 'அலுங்காமல்' என்ற ஒரு சொல்லுக்குள் எங்களுக்கு நான்கு மாதம் போயிற்று. வீரர் கணினி சொல்வதை அப்படியே நம்பினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஏமாற்றுகிறவனுக்கும் சீக்கிரம் முடியும்.

மோசமான இணைப்பைச் செயற்கையாக உண்டாக்கிப் பழகுங்கள். விண்டோஸில் க்ளம்ஸி என்ற சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸில் நெட்எம் கூடவே வருகிறது. 150 மில்லிசெகண்ட் தாமதம், நூற்றுக்கு மூன்று பாக்கெட் (தகவல் துண்டு) தொலைவது என்று வைத்து, நீங்கள் தினமும் வேலை செய்யும் கணினியிலேயே அதை நிரந்தரமாக ஓட விடுங்கள். ஆபீஸ் வைஃபையில் எல்லா மாடும் தரையில்தான் ஓடும்.

இன்ஜின் சண்டைக்குள் நான் போகவில்லை. காசுக் கணக்கு மட்டும்: கோடோ முழுக்க இலவசம். அன்ரியலில் ஒரு கேமின் மொத்த வருவாய் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய பிறகு 5 சதவீதம். யூனிட்டி 2023 செப்டம்பரில், கேம் நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. உங்கள் நான்கு பேரில் இருவருக்கு எது தெரியுமோ அதை எடுங்கள்.

நான்காவது: எத்தனை பிரதி விற்றால் அடைபடும்?

இப்போதுதான் ரூபாய். ஓர் உதாரணம் போடுகிறேன், உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு பேர், ஆளுக்கு மாதம் 40,000: 1,60,000. வாடகை, மின்சாரம், மென்பொருள் 25,000. சோதனை சர்வர் 5,000. மாதம் 1,90,000. பதினான்கு மாதத்தில் முடிப்போம் என்கிறீர்கள்: 26,60,000. மல்டிபிளேயர் என்பதால் பாதியை மேலே போடுங்கள். அவநம்பிக்கையால் சொல்லவில்லை, ஒவ்வொரு வேலையையும் இரண்டு தடவை, ஒரு தடவை ஒருவருக்காகவும் ஒரு தடவை நான்கு பேருக்காகவும், செய்யப் போகிறீர்கள். ஆக, சுமார் 40 லட்சம்.

ஸ்டீமில் விலை 500 ரூபாய் என்று வையுங்கள். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அதைக் கழித்தால் 424. கடையின் பங்கு 30 சதவீதம் போனால் 297. (பங்கு 25 சதவீதமாகக் குறைவது விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டிய பிறகு. அந்தக் கவலை இப்போது வேண்டாம்.) வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்ப வாங்கலாம். தள்ளுபடி நாட்களில்தான் பாதிப் பேர் வாங்குவார்கள். கையில் 250 நிற்கும் என்று வைத்தால் 40 லட்சத்துக்கு 16,000 பிரதி. அது அசல் மட்டும். வெளிநாட்டு விலை கூடுதலாக வைப்பதால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

நான்கு பேர் சேர்ந்து ஆடும் கேம் என்றால் நான்கு பேரையும் காசு கொடுக்க வைக்க வேண்டும் என்ற சங்கடமும் உண்டு. 2021ல் வந்த இட் டேக்ஸ் டூ என்ற கேமில் ஒருவர் வாங்கினால் போதும், கூட ஆடும் நண்பர் இலவசமாக வரலாம். நாங்களும் அந்த வழிக்கே போனோம்: கேமை வாங்கியவர் மற்றவர்களை இலவசமாக அழைக்கலாம். 'முழுக்க இலவசம், உள்ளே ஸ்கின் (அலங்காரத் தோற்றம்) விற்போம்' என்ற முறையை முதல் கேமுக்கு எடுக்காதீர்கள். காசு கொடுக்காத பெருங்கூட்டத்துக்கும் சர்வர் செலவு உங்கள் தலையில்தான், அந்தக் கூட்டம் முதலில் வர வேண்டும் வேறு.

ஐந்தாவது: யாரிடம் கேட்பது?

சொந்தச் சேமிப்பு, இல்லையென்றால் வெளியாருக்கு வேலை செய்து சம்பாதிப்பது. வாரம் மூன்று நாள் அடுத்தவர் கேமுக்கு மாடல் செய்து, மீதி நாள் சொந்த கேம். மெதுவாக நகரும். ஆனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அசிங்கமான பில்ட் தயாராகும் வரை இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

மானியம், தொழில் ஊக்க நிதி. ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் மாதிரி செய்து காட்ட 20 லட்சம் ரூபாய் வரை மானியம் வைத்திருந்தார்கள்; இப்போதும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் அமைப்பு) வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாடு அரசின் புதுத் தொழில் நிதியான டான்சீட் இருக்கிறது. எபிக்கின் மானியமான மெகாகிராண்ட்ஸ் இருக்கிறது. கொரிய கேம் நிறுவனமான கிராஃப்டன் இந்தியாவில் நடத்தும் இன்குபேட்டர் இருக்கிறது. படிவம் நிரப்புவதற்கு ஒரு மாதத்தை ஒதுக்குங்கள். அரசுப் படிவத்தில் 'கேம்' என்று எழுதினால் எதிரில் இருப்பவர் ரம்மி என்று நினைத்துக்கொள்வார். முதல் வரியிலேயே 'பணம் வைத்து ஆடுவது அல்ல' என்று எழுதிவிடுங்கள்.

பப்ளிஷர். இவர்கள் மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள். மைல்கல் மைல்கல்லாகக் கொடுப்பார்கள். விற்பனையில் முதலில் தங்கள் பணத்தை எடுத்துக்கொண்ட பிறகே உங்களுக்குப் பங்கு. ஒப்பந்தத்தில் மைல்கல்லை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் சம்பளம் இருக்கிறது. 'பந்தய முறை முழுமை பெற்றது' என்று எழுதினால் முழுமையா இல்லையா என்று சண்டை வரும். 'நான்கு வீரர்கள், 150 மில்லிசெகண்ட் தாமதத்தில், 30 நிமிடம் இணைப்பு அறாமல் மூன்று பந்தயம் முடிப்பார்கள்' என்று எழுதினால் யாரும் வாய் திறக்க முடியாது. பில்ட் கொடுத்த எத்தனை நாளுக்குள் அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்ற வரி இருக்கட்டும். எங்களிடம் ஒருவர் பில்டை வாங்கிக்கொண்டு ஆறு வாரம் பேச்சு மூச்சில்லாமல் இருந்தார். அந்த ஆறு வாரமும் நான்கு வீட்டில் வாடகை நாள் வந்து போயிற்று. வெளியீட்டுக்குப் பிறகு சர்வர் வாடகை யார் கட்டுவது, அவர்கள் பாதியில் விலகினால் கேம் யாருக்கு என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரசிகர்களிடமிருந்து. இதில்தான் கதைகள் அதிகம்.

கிக்ஸ்டார்டர் என்ற, மக்களிடம் நிதி திரட்டும் தளத்தில் கேட்ட தொகை முழுக்கச் சேர்ந்தால்தான் பணம் கிடைக்கும்; தளத்தின் கட்டணம் 5 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. இந்தியாவில் இருந்துகொண்டு அங்கே திட்டம் தொடங்க முடியாது. சிங்கப்பூர், கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் வசிப்பவர்கள் தொடங்கலாம். உங்கள் குழுவில் உண்மையிலேயே அங்கே இருக்கும் ஒருவர் இருந்தால் யோசியுங்கள். சும்மா பெயருக்கு ஒருவரைப் போட்டால் பின்னால் வரிக் கணக்கில் மாட்டுவீர்கள்.

குரோனிக்கிள்ஸ் ஆஃப் எலிரியா என்ற ஆன்லைன் கேம் 2016ல் கிக்ஸ்டார்டரில் 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அதற்குப் பிறகும் சொந்தக் கடையில், இன்னும் கட்டப்படாத உலகத்தில் பிரபு, அரசர் என்று பட்டங்களையும் நிலத்தையும் விற்றார்கள். 2020 மார்ச்சில் பணம் தீர்ந்தது என்று ஸ்டூடியோவை மூடுவதாக அறிவிப்பு வந்தது, கேம் வரவில்லை. கிரோஃபால் 2015ல் 17 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2021 ஜூலையில் வெளிவந்தே விட்டது. 2022 நவம்பரில் சர்வர் நின்றது. ஸ்டார் சிட்டிசன் 2012ல் ஆரம்பித்து, 70 கோடி டாலரைத் தாண்டி இன்னும் கப்பல் விற்றுக்கொண்டிருக்கிறது. முதலில் சொன்ன வருடம் 2014. அது தனி ரகம், அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பிடித்த உதாரணம் ப்ராஜெக்ட் கோர்கன். கணவன் மனைவி இருவர் ஆரம்பித்த ஆன்லைன் கேம். கிக்ஸ்டார்டரில் தோற்று, மறுபடி தோற்று, 2015ல் வெறும் 20,000 டாலர் கேட்டு வந்தார்கள். 70,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த நேரத்தில் கேம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கி ஆடிப் பார்க்க முடிந்தது. 2018 மார்ச்சில் ஸ்டீம் எர்லி ஆக்சஸ். காசு கொடுத்தவர் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பரிசாக எதைக் கொடுப்பது என்பதிலும் கடன் ஒளிந்திருக்கிறது. டி-சர்ட் கூரியர் செலவு எல்லோரும் சொல்வதுதான். அதைவிட மோசம், 'உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவை கேமில் வைப்போம்' வகை வாக்குறுதி. ஐம்பது பேர் வாங்கினால் ஐம்பது திருவிழா. பெயர்ப் பலகையில் பெயர், மாட்டுக்கு ஒரு நிறம் என்று ஒரு மணி நேரத்தில் முடிவதை மட்டும் விற்கவும்.

எர்லி ஆக்சஸ் கடைசி. ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டிப் பதிய வேண்டும். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்ப வரும். இந்தத் திட்டத்தைப் பற்றி வால்வ் எழுதியிருக்கும் விதிமுறையிலேயே ஒரு வரி இருக்கிறது: விற்பனை மிகக் குறைவாகவோ சுத்தமாக இல்லாமலோ போனாலும் கேமைத் தொடர்ந்து செய்ய வசதி இல்லையென்றால் இதில் இறங்காதீர்கள் என்று. பணம் வாங்கும் கடைக்காரரே சொல்கிறார். வருங்காலத்தில் வரப்போவதைச் சொல்லி விற்காமல், இன்று உள்ளே இருப்பதற்கு என்ன விலையோ அதை வையுங்கள்.

ஆறாவது: ஆள் சேர்த்துச் சோதிப்பது

விண்ணப்பப் படிவம் போட்டோம். இருநூறு பேர் பெயர் கொடுத்தார்கள். கதவைத் திறந்து வைத்து, 'இந்த வாரம் முழுக்க ஆடலாம்' என்றோம். எந்த நேரத்தில் பார்த்தாலும் ஒருவர், இருவர். வந்தவர் காலி மைதானத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போன இரண்டு நிமிடத்தில் அடுத்தவர் வந்து அதே காலி மைதானத்தைப் பார்த்தார்.

அடுத்த முறை வாரம் முழுக்கத் திறக்கவில்லை. சனி இரவு 9 முதல் 10 வரை மட்டும். கல்யாணத்துக்கு முகூர்த்த நேரம் குறிப்பது போல. டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் வியாழன் ஒரு நினைவூட்டல், சனி எட்டரைக்கு ஒன்று. அந்த ஒரு மணி நேரம் நாங்கள் நான்கு பேரும் கட்டாயம் உள்ளே இருப்போம். இருபது பேர் வந்தார்கள், வரிசைகட்டி வண்டி ஓடியது. எண்ணிக்கை பெரிதல்ல, ஒரே நேரத்தில் வந்தார்கள்.

சோதனைக்கு ஸ்டீமின் ப்ளேடெஸ்ட் வசதி இலவசம்; ஆளாளுக்குத் தனிச் சாவி (கேமைத் திறக்கும் குறியீடு) அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ திருவிழா ஆண்டுக்கு மூன்று முறை வரும். ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் அதில் கலந்துகொள்ளலாம். அவசரப்பட்டு அரைவேக்காட்டு டெமோவை வைத்து அந்த ஒரு வாய்ப்பைக் கரைத்துவிடாதீர்கள். வெளியீட்டுக்குச் சற்று முன்னால் வரும் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பக்கத்தை மட்டும் அதற்குப் பல மாதம் முன்பே திறந்து விஷ்லிஸ்ட் ('பிறகு வாங்கலாம்' என்று குறித்துவைப்பவர்கள்) சேர்க்கவும்.

ஆட்டம் முடிந்ததும் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் நம்மவர்கள் மனசு கோணாமல் 'சூப்பர் அண்ணா' என்பார்கள். அதைக் கேட்காதீர்கள். எந்த நிமிடத்தில் வெளியேறினார், இணைப்பு அறுந்ததா, தானாகப் போனாரா என்று சர்வர் பதிவைப் பாருங்கள். எங்களிடம் வெளியேறியவர்களில் பலர் இணைப்பு அறுந்து, திரும்ப உள்ளே வர வழியில்லாமல் போனவர்கள். 'மறுபடி இணை' என்ற ஒரு பொத்தான்தான் அந்த மாதத்தின் பெரிய வேலை. ட்ரெய்லரில் அதைக் காட்ட முடியாது.

சட்டம், சுருக்கமாக

2025ல் வந்த மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடும் கேம்களைத் தடை செய்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு அதில் இல்லை. கேமை விலைக்கு விற்கலாம், சந்தா வாங்கலாம். 'நுழைவுக் கட்டணம் 50, ஜெயித்தால் 500' என்ற பந்தயம் மட்டும் கூடாது, விளம்பரத்துக்காகக்கூட. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைச் சேமித்தால் 2023ன் தனிநபர் தரவுச் சட்டப்படி பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஆகவே வயது, போன் எண், பள்ளி எதையும் கேட்காமல் இருப்பதே மேல். ஸ்டீம் கணக்கு ஒன்று போதும். அரட்டை வைத்தால் வாயை மூடவும் புகார் செய்யவும் பொத்தான் வேண்டும்; முடிந்தால் அரட்டையே வேண்டாம், பத்து ஆயத்த வாக்கியம் கொடுங்கள். எங்களுடையதில் அதிகம் அழுத்தப்பட்டது 'ஓரம் போ'.

கடையை மூடும் திட்டம்

இதை வெளியீட்டுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். 2024 மார்ச்சில் யுபிசாஃப்ட் தி க்ரூ கேமின் சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியதை எப்படி அணைக்கலாம் என்று ஐரோப்பாவில் ஓர் இயக்கமே கிளம்பியது. உங்களுக்கு அவ்வளவு கூட்டம் இருக்காது. ஆனால் வாங்கிய முந்நூறு பேர் இருப்பார்கள். வீரரே சர்வர் என்ற வழியில் போயிருந்தால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் கடையை மூடினாலும் அவர்கள் ஆடலாம். மற்ற வழி என்றால், எத்தனை மாத வாடகையைத் தனியாக எடுத்து வைக்கிறீர்கள், நிறுத்தும் முன் எத்தனை நாள் அறிவிப்பு, சர்வர் மென்பொருளை வெளியே கொடுப்பீர்களா என்று மூன்று வரி. கடைப் பக்கத்திலேயே போட்டுவிடலாம். போட்டால் விற்பனை குறையும் என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. போட்டோம், அதைப் பாராட்டி இரண்டு பேர் எழுதினார்கள், மற்றவர்கள் படிக்கவில்லை.

திருநெல்வேலித் தம்பி கல்லூரி முடித்துவிட்டான், இன்னமும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வருகிறான். வீட்டில் ஃபைபர் போடப் போவதாக ஒரு நாள் சொன்னான். நாலு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். வெளியீடு முடியும் வரை அவன் அந்த ஹாட்ஸ்பாட்டிலேயே இருக்க வேண்டும். மாதாமாதம் ரீசார்ஜ் எங்கள் பட்ஜெட்டில் தனி வரியாக இருக்கிறது.